என் கருமாதிக்கு நானே போன கதை

என் சாவுக்கு யார் யார் வருவார்கள், யார் எப்படி அழுவார்கள் என்பதெல்லாம் எனக்கு இருபத்துமூன்று வயதிலேயே தெரிந்துபோயிற்று. இந்தப் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மற்றவர்கள் கண்ணை மூடிய பிறகு நடக்கிற காரியத்தை நான் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தேன். (பொரியல் நன்றாக இருந்தது. ரசத்தில்தான் உப்புக் குறைவு.)

இதற்கெல்லாம் காரணம் ஒரு தபால் கார்டு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. "உன்னைப் பார்க்கணும்போல இருக்குது" என்று ஓர் ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையிடம் சொல்லிவிட்டால் வானம் இடிந்து விழுந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாட்டைக் காணோம் என்றால் நாலு ஊர் போய் விசாரிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிநேகிதனைக் காணோம் என்றால் என்ன செய்வது? கோபித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தெரிந்ததை நன்றாகவே செய்தேன்.

நானும் ரங்கசாமியும் அவிநாசிக்குக் கிழக்கே ஒரே ஊர்க்காரர்கள். எனக்கு அப்பா அம்மா கிடையாது, கூடப் பிறந்தவர்களும் கிடையாது, மாமன் வீட்டில் வளர்ந்தேன். மாமன் வீட்டில் வளர்ந்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். படுக்க மட்டும் அங்கே போவேன், மற்றபடி ரங்கசாமியோடுதான் இருப்பேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ரங்கசாமி எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்தான், அதாவது தெலுங்கில் திட்டக் கற்றுக்கொடுத்தான். நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவன் மூன்று நாள் வந்தான், நான் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தேன். அதனால் அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, எனக்கு அளவுக்கு மிஞ்சித் தெரியும். கதைப் புத்தகங்கள் படித்து, வாக்கியம் ஜோடிக்கிற வியாதி வேறு எனக்கு வந்திருந்தது.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கோயமுத்தூர் வந்து இறங்கினோம். நீலகிரி மலையிலிருந்து பைகாரா கரண்ட் வந்த புதிது. பருத்திக் காடாக இருந்த இடத்திலெல்லாம் மில் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்குச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை கிடைத்தது. அவனுக்குத் துடியலூர்ப் பக்கம் ஒரு மில். ஊருக்கு அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். ஒரு வருஷத்தில் அவனுக்கு அங்கேயே கல்யாணமும் ஆகி, மாமனார் வீட்டோடு தங்கிவிட்டான். கல்யாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். அதன் பிறகு பதினோரு மாதம் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கோயமுத்தூரில் வாழ்க்கை சங்கில் ஓடியது. மில் சங்கு ஊதினால் எழ வேண்டும், ஊதினால் ஓட வேண்டும், ஊதினால் சோற்றுப் போசியைத் திறக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சங்கு ஊதுவார்கள். இங்கே தினம் ஆறு தடவை ஊதினார்கள். நான் குடியிருந்தது எட்டு அறைகள் கொண்ட ஒரு லைன் வீட்டில். என் அறையை ஒட்டிய அறையில் ஒருத்தர் இருமுவார். ஒரு வருஷமாக அந்த இருமலைக் கேட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. நான் பகல் ஷிப்டு, அவர் ராத்திரி ஷிப்டு; நான் திரும்பி வந்து படுக்க, அவர் கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாக இருமல் மட்டும் வரும். அவருக்குத் தெரிந்த நான் ஒரு பூட்டு, எனக்குத் தெரிந்த அவர் ஓர் இருமல். அந்த லைனில் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஜீவன், கோடியில் சாப்பாடு போடுகிற மாராத்தாள் அக்கா. அவரும் "இன்னொரு தோசை வெக்கட்டுங்களா?" என்பதற்கு மேல் பேசியதில்லை.

ரங்கசாமி மட்டும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவான். "ஞாயித்துக்கெழமை வாரேன்னு சொல்லச் சொன்னாப்பலீங்க." ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை வேறொரு ஆள் வருவார். "அடுத்த வாரம் கட்டாயம் வாரேன்னு சொல்லச் சொன்னாப்பலீங்க." இப்படிப் பதினோரு மாதம். (நான் ஏன் துடியலூருக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.)

ஒரு வியாழக்கிழமை, சோற்று வேளையில், எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. பையில் ஒரு கார்டு வைத்திருந்தேன். மிஷின் பக்கத்து மர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். சாதாரணமாக எழுதியிருக்கலாம். கதைப் புத்தகம் விடவில்லை. என்னையே யாரோ போல வைத்து எழுதினால் படிக்கிறவன் நெஞ்சு வெடித்துவிடும் என்று பட்டது. எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்.

"ரங்கசாமிக்கு. பழனியப்பன் என்று ஒருவன் இருந்தான். அவன் போய்விட்டான். வாரேன் வாரேன் என்று நீ சொன்னதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டான். இனி நீ வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதி."

நான் சொல்ல வந்தது எங்கள் சிநேகிதத்துக்குக் கருமாதி என்று. அதை எழுத இடம் இருந்தது. ஆனால் அப்படி வெட்டென்று நிறுத்தினால்தான் அழகாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கோபத்தில் கையெழுத்தும் போடவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதை நான் கவனிக்கவில்லை. நான் எண்ணெய் விடுகிறவன். என் விரல்கள் எப்போதும் கருப்பாகத்தான் இருக்கும். கார்டை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பிடித்து, எழுதியதை நாலு தடவை படித்து ரசித்ததில், நாலு மூலையிலும் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. கல்யாணக் கடுதாசி என்றால் மூலையில் மஞ்சள் தடவுவோம். சாவுக் கடுதாசி என்றால் மூலையில் கருப்புத் தடவுவோம். கருப்பைப் பார்த்ததுமே சேதி இன்னதென்று தெரிந்துவிடும். படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், அதை வீட்டில் வைக்கக்கூடாது. இது எங்கள் சீமையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், மூலைகளைக் கவனிக்காமல் அந்தக் கார்டைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரங்கசாமி வெட்கித் தலைகுனிந்து ஓடிவருவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் கொஞ்ச நேரம் முகம் கொடுக்காமல் இருப்பது, பிறகு போனால் போகிறது என்று மன்னிப்பது என்று திட்டம் போட்டிருந்தேன். மன்னிக்கும்போது முகம் களையாக இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பவுடர். மாராத்தாள் அக்கா கடையில் ஆறு தோசை தின்றுவிட்டு, அவனுக்கு வெற்றிலையும் வாழைப்பழமும் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி பதினொன்று இருக்கும். லைன் வாசலில் கூட்டம். பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். அழுகை தெலுங்கில் இருந்தது. எனக்குத் தெரிந்த தெலுங்கு எதுவும் ஒப்பாரியில் வருகிற ரகமில்லை, ஆகவே ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் மாராத்தாள் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு தமிழில் அழுதுகொண்டிருந்தார்.

"காத்தால கூட ஆறு தோசை தின்னுபோட்டுப் போனயே சாமீ!"

ஆறு தோசை தின்கிற இன்னொரு ஆளும் இந்த லைனில் இருக்கிறானா என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் உறைக்கவில்லை. ஓரத்தில் துண்டைத் தோளில் போட்டபடி ஒருத்தர் நின்றிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"ஆருங்க போயிட்டது?"

"பழனியப்பனுங்க. மில்லுல இருந்தாப்பல."

பழனிக்குக் காவடி எடுக்கிற சீமையில் பழனியப்பனுக்கா பஞ்சம்? எங்கள் லைனிலேயே மூன்று பேர் இருந்தோம். மற்ற இருவரில் யாரோ ஒருத்தன் போலிருக்கிறது என்று "அட பாவமே!" என்றேன். "எப்படிங்க ஆச்சு?"

"மிசின்ல கை மாட்டிக்கிச்சுன்னு பேசிக்கறாங்க. தங்கமான மனுசனுங்க. ஒரு சொல்லு அதிர்ந்து பேசமாட்டாப்பல. எனக்கு ரொம்பப் பழக்கமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் இருமினார். அந்த இருமலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. யோசிக்க நேரமில்லை. துக்க வீட்டுக்கு வந்தாயிற்று, துக்கம் கேட்காமல் போவது முறையில்லை. வெற்றிலையையும் பழத்தையும் சுவரோரம் வைத்துவிட்டு ஆண்கள் வரிசைக்குப் போனேன். எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்திருந்ததால் ஒரு முகமும் தெரியவில்லை.

அங்கே முக்கியஸ்தர் போல ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். புது மொட்டை, தலைக்குமேல் ஈரத்துண்டு, மீசை சுத்தமாக எடுத்திருந்தது. மடியில், செத்தவருக்குப் போடுகிற ஒரு கோடி வேட்டி. துக்கம் கேட்கிற முறைப்படி நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் நிமிராமலே என் கைகளைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது அவர் குரல் கட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எறந்தவரு உங்களுக்கு என்ன முறையாகோணுமுங்க?"

"சிநேகிதனுங்க."

"சிநேகிதனுக்கா மொட்டை எடுத்திருக்கறீங்க?"

"அவனுக்கு அண்ணந்தம்பி ஆரும் இல்லீங்க. நானும் எடுக்கலைன்னா வேற ஆருங்க எடுக்கறது?"

எனக்கு மனசு இளகிவிட்டது. இப்படியும் ஒரு சிநேகிதனா என்று பொறாமையாகவும் இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னேன்: "குடுத்து வெச்ச மனுசனுங்க அவரு. எனக்கும் ஒருத்தன் இருக்கறான் பாருங்க, சிநேகிதன்னு. பதினோரு மாசமா எட்டிப் பாக்கலீங்க. நான் நெசமாலுமே செத்துப்போனாக்கூட வரமாட்டானுங்க அந்தத் துடியலூர்த் தறுதலை!"

என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. துண்டு மெல்ல விலகியது. அழுது வீங்கிய இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. மீசை இல்லாத, முடி இல்லாத அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னது. நல்லவேளையாக அது எனக்குத் தெரிந்த தெலுங்கு.

அந்த வார்த்தையை இந்த உலகத்தில் அப்படி நீட்டி முழக்கிச் சொல்கிறவன் ஒருத்தன்தான் உண்டு.

பதினோரு மாதத்தில் அவன் குரல் எனக்கு மறந்துபோயிருந்தது, என் குரல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. கூடப் பிறந்ததுபோல வளர்ந்த இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டு மரியாதையாகத் துக்கம் விசாரித்திருக்கிறோம். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் மட்டும் நான் சிரிக்கவில்லை.

அதற்குள் பெண்கள் பக்கம் ஒரு வீறல். மாராத்தாள் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பவுடர் பூசிய முகத்தோடு பிணத்தின் ஆவி தன் கருமாதிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து, விளக்குமாற்றைத் தூக்கினார். ஒப்பாரி நின்றுபோயிற்று. அந்த அமைதியில், ரங்கசாமியின் மாமனார் (ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர், பெரிய மனுஷர்) எழுந்து என்னிடம் வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, நீங்க சாகலீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கார்டுல அப்படித்தானுங்க இருந்துச்சு. நாலு மூலையிலயும் கருப்புத் தடவி, 'பழனியப்பன் போய்விட்டான், ஞாயித்துக்கெழமை கருமாதி'ன்னு. நாந்தானுங்க படிச்சது. படிச்ச கையோட கிழிச்சுப்போட்டனுங்க."

கார்டு சனிக்கிழமை சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுநாளே கருமாதி, விசாரிக்க நேரமில்லை. நான் என் விரல்களைப் பார்த்தேன். ரங்கசாமியும் பார்த்தான். பிறகு மடியிலிருந்த கோடி வேட்டியை முறுக்கி, அதனாலேயே என்னை விளாசினான். எனக்கென்று எடுத்த கோடி என் முதுகிலேயே விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. எல்லோருக்குமே இரண்டு அடி கொடுக்க வேண்டும்போல இருந்திருக்கும்.

"ஏண்டா நீ வல்லை?" என்று அடிக்கு நடுவில் கத்தினேன்.

"நீ ஏண்டா வல்லை? துடியலூருக்குப் போற ரோட்டுல முள்ளா வெட்டிப் போட்டிருக்குது? நான் வாரேன்னு சொல்லி உட்டா, 'இவனெங்கே வாரது, நாமளே போலாம்'னு நீ வருவேன்னு பாத்தேன். ஷிப்டு முடிச்சு, மாமனாரு காட்டு வேலையும் பாத்துட்டு, வாரா வாரம் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்டா!"

"பாக்கோணும்னு ஒரு வார்த்தை சொல்லி உட்டிருக்கலாமில்ல?"

"நீதானே எழுதப் படிச்சவன், நீ எழுதியிருக்கலாமில்ல?"

"அதையெல்லாம் எப்படிடா எழுதறது?"

"கருமாதின்னு மட்டும் எழுத வருதா?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் அடுத்த அடியைப் போட்டான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் சிரிப்பாகப் போயிருக்கும். அப்போதுதான் மாமனார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரங்கசாமியின் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். மாசமாக இருக்கிறவளின் புருஷன் முடி எடுக்கக்கூடாது, துக்க வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். "தலப்பாடா அடிச்சுக்கிட்டனுங்க. விடியறதுக்குள்ள நாசுவரைக் கூப்பிட்டு உக்காந்துக்கிட்டாருங்க. 'அவனுக்கு ஆருமில்லீங்க மாமா'ன்னு ஒரே பேச்சு. தனியா அனுப்ப மனசு வல்லை, நாங்களும் பொறப்பட்டு வந்துபோட்டோம்" என்றார். ரங்கசாமியைப் பார்த்தேன். அவன் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மொட்டைத் தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. முறையாக அழ வேண்டியவர்களெல்லாம் அழுது முடித்த பிறகு, கடைசியாக நான் அழுதேன்.

துக்கத்துக்கென்று கொண்டுவந்த அரிசியையும் காய்கறியையும் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாதாம். மாராத்தாள் அக்கா விளக்குமாற்றை வைத்துவிட்டு அடுப்பு மூட்டினார். லைனிலிருந்த எட்டு அறைக்காரர்களும் பந்தியில் உட்கார்ந்தார்கள். என் பக்கத்து இலையில் இருந்தவர் இருமினார்.

"நாலாம் நெம்பர் ரூம்ல நீங்கதானுங்களா? நான் மூணுங்க. எம் பேரு ஆறுமுகம்."

"எனக்கு ரொம்பப் பழக்கம்னீங்களே?"

"பூட்டு பழக்கமுங்க" என்றார் கூச்சத்தோடு. இலையில் பாயசம் வந்தபோது அவருடையதையும் எனக்கே தள்ளிவிட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என் கட்டைவிரல்தான் காரணம். தூக்கம் பிடிக்கவில்லை. அவிநாசியப்பனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் துடியலூரில் நிற்பேன். "எப்படீங்க இருக்குது அம்மணிக்கு?" என்று கேட்பேன். மாமனார் ஒரு பலகையை எடுத்துப் போடுவார். நானும் ரங்கசாமியும் அதில் உட்கார்ந்திருப்போம். அவன் தலையில் முள்முள்ளாக முடி வளர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. பருத்தி எப்படி, பருப்பு எப்படி, அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்தது. பையன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். அப்பனுக்கு இல்லாத முடியெல்லாம் அவன் தலையில் இருந்தது. மொட்டை போட உட்கார்ந்தபோதே "பையன் பொறந்தா அவம் பேருதான்" என்று ரங்கசாமி வாய் விட்டிருக்கிறான். சொன்ன சொல்லை மாற்ற மாமனார் ஒப்பவில்லை. "உசுரோட இருக்கறவன் பேரை வெக்கறோம், என்ன பண்றது, செத்தவன்னு நெனச்சு ஒத்துக்கிட்டாச்சு" என்று தொட்டிலில் குனிந்து மூன்று தடவை பழனியப்பா என்று கூப்பிட்டார். பின்னாலிருந்து நான்தான் "என்னுங்க?" என்றேன்.

பிள்ளை பிறந்தாயிற்று, இனி நான் வாரா வாரம் போக வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறையிலேயே படுத்துக் கிடந்தேன். பத்து மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு ரங்கசாமி வந்து நின்றான். "ஏண்டா வல்லை? நெசமாலுமே செத்துப்போயிட்டயோன்னு பாக்க வந்தேன்" என்றான். அதற்கடுத்த வாரம் நான் போனேன். அதற்கடுத்த வாரம் அவன் வந்தான்.

எனக்கும் கல்யாணமாகி, மில் வேலையை விட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டு, வீடு கட்டி, பிள்ளைகளும் பிறந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. சின்னப் பழனியப்பனுக்கே இப்போது மீசை முளைத்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ரங்கசாமியின் செருப்புச் சத்தம் கேட்டால், என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க, உங்க கருமாதிக்கு ஆளு வந்திருக்குதுங்க. எந்திரிச்சு வாங்க!"

நான் எழுந்து போவேன். எந்த மகாராஜாவுக்கும் இத்தனை கருமாதி நடந்திருக்காது. வருகிற ஆள் என்னவோ ஒருத்தன்தான்.